கொம்பு சைக்கிள்

பதியுதீன் நானாவின் கடையில் அந்த இரண்டு பிரேமும் ஒரே கம்பியில் பக்கத்துப் பக்கமாகத் தொங்கின. ஜப்பானில் ஓடிக் களைத்த சைக்கிள்களை மொத்தமாக இறக்கி, நல்லதை நல்லதென்றும் கெட்டதை அதைவிட நல்லதென்றும் சொல்லி விற்கிற கடை அது. மதுரங்குளிச் சந்தியில் இருந்தது. நானா முன்பு மன்னாரில் இதைவிடப் பெரிய கடை வைத்திருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு அங்கிருந்த முஸ்லிம்களை எல்லாம் இயக்கம் வெளியேறச் சொன்னபோது ஒரு பையோடும் ஒரு ஸ்பனரோடும் வந்து சேர்ந்தார்.

"அந்த ஸ்பனரையும் வைச்சிட்டுப் போகத்தான் சொன்னாங்க. நான் சாரத்துக்குள்ள ஒளிச்சிக் கொண்டு வந்திட்டன்" என்பார். சாரத்துக்குள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

மாம்புரியில் வீடு வீடாக ரொட்டி விற்கிற பாண்காரன் அல்பிரட் அந்தப் பிரேம்களுக்குக் கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் பாண்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மணல் ஒழுங்கைகளில் மிதித்து மிதித்து, அவனுடைய கால்கள் இரண்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாத தடிப்பில் இருந்தன. அந்தக் கால்களை வைத்துக்கொண்டு செபஸ்தியார் திருநாள் சைக்கிள் ஓட்டத்தில் வருடா வருடம் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். முதலாவதாக வருகிறவன் இன்னாசிப்பிள்ளை, அல்பிரட்டின் மனைவி மக்டலினின் அண்ணன். இரண்டு படகுக்குச் சொந்தக்காரன். வாய்க்கும் வயிற்றுக்கும் பஞ்சமில்லாதவன். ஆனாலும் வெல்லுவான். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வெளியே வரும்போது, "என்ன மச்சான், இந்த முறையும் எனக்குப் பின்னால வாறியா? காத்து மறைச்சுத் தாறன்" என்பான்.

"ரெண்டுல எது நல்லது நானா?" என்று அல்பிரட் கேட்டான்.

"ரெண்டும் நல்லதுதான். நான் விக்கிறவன், வேற என்ன சொல்லுவன்?" நானா ஒரு பிரேமைத் தட்டினார். மேல்குழாய் மட்டமாக, எல்லாம் ஒழுங்காக, அடக்கமாக இருந்தது. "இது ரோட் பிரேம். கூட்டத்துல ஓடலாம், வளையலாம், பிரேக் அடிக்கலாம், பின்னால வாறவனைத் திரும்பிப் பார்த்து ஏசலாம்." மற்றதைத் தட்டினார். "இது டைம் ட்ரயல் பிரேம். ஒவ்வொருத்தனா விட்டு நேரம் எடுக்கிற ஓட்டத்துக்குச் செஞ்சது. காத்தை வெட்டிக்கிட்டுப் போகும். ஆனா கூட்டத்துல கொண்டு போனியெண்டா நீயும் விழுந்து நாலு பேரையும் விழுத்துவாய்."

இரண்டாவது பிரேமின் மேல்குழாய் முன்பக்கம் சரிந்து இறங்கியது. முன்சில்லு பின்சில்லைவிடச் சின்னது. ஹாண்டில் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு குழாய்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. சும்மா தொங்கும்போதே அது யாரையோ முட்டப் போவதுபோல இருந்தது. அல்பிரட்டுக்கு அந்த யாரோ யாரென்று தெரிந்தது.

ஆனால் திருநாள் ஓட்டம் கூட்டமாக ஓடுகிற ஓட்டம். அறிவு ரோட் பிரேமை எடு என்றது. மனசு கொம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அல்பிரட் எதையும் வாங்காமல் வீட்டுக்குப் போனான். அன்றிலிருந்து யாரைக் கண்டாலும் அதே கதை.

"முன்சில்லு பட்டினி கிடந்த மாதிரி இருக்கு எண்டு நீங்களே சொல்லுறீங்க. பிறகு அதை ஏன் வாங்கப் போறீங்க?" என்றாள் மக்டலின்.

"உனக்கு விளங்காது."

"எனக்கு விளங்காம என்ன? என்னையும் இப்பிடித்தான் ரெண்டு கிழமை பார்த்துக்கொண்டு நிண்டீங்க. நல்லவேளை, பக்கத்தில வேற ஒருத்தி தொங்கல்ல."

கடைசியில் அல்பிரட் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனான். கோயில் சுவாமிதான் ஓட்டத்தை நடத்துகிறவர், நேரம் பார்க்கிற மணிக்கூடும் அவரிடம்தான். அல்பிரட் முழங்காலில் நின்று, வழக்கமான பாவங்களை அவசரமாகச் சொல்லி முடித்து விட்டு, பிரேம் விசயத்துக்கு வந்தான்.

"இது பாவமா?" என்று சுவாமி கேட்டார்.

"தெரியா சுவாமி. பூசையிலயும் அந்த நினைப்புத்தான் வருது."

"பூசையிலயா? அப்ப பாவம்தான்." சுவாமி வலைத்தட்டிக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் இன்னும் அறிவிக்கல்ல. கொழும்பில குண்டு வெடிச்சதுக்குப் பிறகு றோட்டில கூட்டமா ஓட விடமாட்டாங்களாம். ஒருத்தன் போய்க் கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்தவனை விடலாமாம். ஆமிக்காரர் சொல்லிப் போட்டாங்க. வெளியில சொல்லாத. அருள் நிறைந்த மரியே பத்துத்தரம் சொல்லு" என்றார்.

அல்பிரட் பத்தையும் மதுரங்குளி பஸ்ஸில் சொல்லி முடித்தான். கடைக்குள் நுழைந்தால், கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது இன்னாசிப்பிள்ளை.

"நீ எப்பிடி இஞ்ச?"

"ஏன், நீ மட்டும்தான் பாவசங்கீர்த்தனம் செய்யிறனியா?" என்றான் இன்னாசி. பெரிய வியாழனுக்குக்கூட அந்தப் பக்கம் போகாதவன்.

இருவரும் ஆளுக்கொரு கொம்பாகப் பிடித்துக்கொண்டு கத்தத் தொடங்கினார்கள். சத்தத்துக்குச் சந்தியில் நின்ற பாதிப் பேர் கூடிவிட்டார்கள். நானா சில்லுகளைப் பூட்டி, பின்சில்லை ஒரு தாங்கியில் ஏற்றினார். "ஒருத்தர் மாறி ஒருத்தர் ஏறிக் குனிஞ்சு மிதிங்க. நான் இந்தப் பிளேன்டியைக் குடிச்சு முடிக்குமட்டும் எவன் நிமிராம இரிக்கிறானோ அவனுக்கு இது."

அல்பிரட் ஏறிக் குனிந்தான். பாண்பெட்டிக்கு முன்னால் காற்றுக்குத் தலைகுனிந்து பழகியவன், நானா ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை அப்படியே மிதித்தான். இன்னாசியும் ஏறினான். ஆனால் அந்தப் பிரேமைச் செய்த ஜப்பான்காரன் வயிறு என்று ஒன்றைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. முழங்கால் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் தொப்பையில் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் இன்னாசி "ஹுக்" என்றான். நானா பாதிக் கோப்பை குடிப்பதற்குள் நிமிர்ந்துவிட்டான்.

"எனக்கு மற்றதுதான் விருப்பம்" என்று சொல்லி ரோட் பிரேமை வாங்கி, சில்லும் ஹாண்டிலும் பூட்டுவித்துக்கொண்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஆளுக்கொரு கரையில் இருந்தார்கள். வழியில் சோதனைச் சாவடி வந்தது. சனங்கள் அதைச் சென்றி என்பார்கள். எல்லாரும் இறங்கி, சாமான்களைக் காட்டி, நடந்து அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். அல்பிரட் சில்லுகளைச் சாக்கில் போட்டு, பிரேமைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். வழமையான ஆமிக்காரர் என்றால் "ஆ, பாண் மல்லி" என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லி விட்டிருப்பார்கள், காலையில் அவனிடம் பனிஸ் வாங்கித் தின்கிறவர்கள். ஆனால் முதல்நாள்தான் ஆட்கள் மாறியிருந்தார்கள். புதிதாக வந்த பொடியன் தோளில் குழாயோடு வருகிற தமிழனைக் கண்டதும் துவக்கைத் தூக்கினான்.

பிரேம் கீழே வைக்கப்பட்டது. ஒருவன் குழாய்க்குள் என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று அல்பிரட் சொன்னான். ஒன்றுமில்லாமல் ஏன் மூடியிருக்கிறது என்று மற்றவன் கேட்டான். இரும்பறுக்கும் வாளொன்றைக் கொண்டுவந்து அறுத்துப் பார்க்கலாம் என்று மூன்றாமவன் யோசனை சொன்னான். அல்பிரட் பிரேமைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது.

"இவனைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கிறீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். இன்னாசி முன்னால் வந்தான். மீன் வியாபாரத்தால் அவனுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அவன் பிரேமைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், தமிழில் மெல்லக் கேட்டான்:

"மாத்துவமா?"

"செத்தாலும் மாட்டன்."

"தெரியாத ஆள் சேர்" என்று இன்னாசி சிங்களத்தில் சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

அல்பிரட் மண்மூட்டைக்குப் பக்கத்தில் குந்தினான். முதலில் கோபம்தான் வந்தது. வெயில் இறங்க இறங்க வேறொன்று வந்தது. அந்த நாட்களில் சென்றியில் இருத்தி வைக்கப்பட்ட ஒருவன் இன்றைக்கு வீட்டுக்குப் போவானா, அடுத்த மாதம் போவானா, போகவே மாட்டானா என்று சொல்ல முடியாது. சிலாபத்தில் ஒருத்தன் இப்படித்தான் போனவன். அல்பிரட் தன் தடித்த கால்கள் இரண்டையும் இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஒரு சைக்கிளுக்காகவா என்று நினைத்தான். மாற்றியிருக்கலாமே என்று மட்டும் நினைக்கவில்லை.

பின்னேரம் சார்ஜன்ட் வந்தார். ஹேரத் என்று பெயர், மெலிந்து நீண்ட மனிதர். வந்தவர் அல்பிரட்டைப் பார்க்கவேயில்லை. பிரேமைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு விரலால் தூக்கிப் பாரம் பார்த்தார். சீற்றுக் கம்பியைக் கழற்றி, குழாய்க்குள் கண்ணை வைத்து வானத்தைப் பார்த்தார்.

"டைம் ட்ரயல்" என்றார், கோயிலுக்குள் பேசுகிற குரலில். சேர்ந்த புதிதில் அவர் படையணிக்காகச் சைக்கிள் ஓடியவர்.

அந்த நேரம் பார்த்து அடுத்த பஸ்ஸிலிருந்து மக்டலின் குதித்தாள். இன்னாசி நடந்ததைப் பகிடியாகச் சொல்லப் போய், தங்கச்சியிடம் விளக்குமாற்றால் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் கலியாணத்துக்கு முன்பு சிலாபத்தில் சிங்களப் பெண்களோடு தும்பு ஆலையில் வேலை செய்தவள். அந்த ஆலையில் கற்ற சிங்களம் முழுவதையும் சென்றியில் இறக்கினாள். ஆமிக்காரப் பொடியன்களுக்கே சில சொற்கள் புதிதாக இருந்தன.

"ஆளைக் கூட்டிக்கொண்டு போ அக்கா" என்றார் ஹேரத். "சைக்கிளைப் பரிசோதிக்க வேண்டும்."

"தாராளமா" என்றாள் மக்டலின். அல்பிரட் போக மறுத்தான். அவள் காதைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள்.

பரிசோதனை நாள் கணக்கில் நடந்தது. காலையில் பாண் கொண்டு போகும்போதெல்லாம் அல்பிரட் எட்டிப் பார்ப்பான். முதல் நாள் பிரேமில் சில்லுகள் பூட்டப்பட்டிருந்தன. மறுநாள் செயினுக்கு எண்ணெய். அதற்கடுத்த நாள் டயரில் செம்மண். இந்தப் பக்கத்தில் செம்மண் வண்ணாத்திவில்லு ரோட்டில்தான் உண்டு.

"சேர், பரிசோதனை அவ்வளவு தூரம் போகுதா?" என்று கேட்டான்.

ஹேரத் வெட்கப்பட்டார். ஒரு பனிஸை எடுத்துப் பாதி கடித்துவிட்டு யோசித்தார். "மல்லி, உங்கள் ஓட்டத்தில் ஒருவர் போய்க் கொஞ்சம் பொறுத்துத்தானே மற்றவர் போகலாம்? அப்படியென்றால் ஒரு சைக்கிள் இரண்டு பேருக்குப் போதும். எனக்கு முன்னால் நீ ஓடி வா. கடைசியாக நான் ஓடுகிறேன். பிறகு அது உன்னுடையது."

அல்பிரட்டுக்கு மறுக்க வழியில்லை. அத்துடன், துவக்கு வைத்திருக்கிற ஒருவர் கெஞ்சுவதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

திருநாளன்று வாடைக்காற்று காலையிலேயே எழும்பிவிட்டது. ஓட்டம் மாம்புரிக் கோயிலிலிருந்து பாலாவிச் சந்தி போய்த் திரும்பி வருவது. போகும்போது காற்று முதுகைத் தள்ளும், வரும்போது நெஞ்சில் உதைக்கும். நானா ஸ்பனரோடு வந்து அல்பிரட்டின் உயரத்துக்குச் சீற்றைத் தாழ்த்திவிட்டு, திரும்பும் இடத்தில் நிற்பதற்காக பாலாவிக்குப் போனார்.

சுவாமி கையைத் தட்டினார், அல்பிரட் பறந்தான். சென்றியில் தடுப்பைத் தூக்கி வைத்திருந்தார்கள். அடையாள அட்டை காட்டாமல், இறங்காமல், குனிந்த தலை நிமிராமல் அவன் அந்த இடத்தைக் கடந்தான். இப்படிக் கடந்து எவ்வளவு காலம் என்று நினைத்தபோது அவனுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினான். ஒரு ஆமிக்காரன் பதிலுக்குக் கத்தினான்.

பாலாவிச் சந்தியில் சைக்கிள் வளைய மறுத்தது. நானா சொன்னபடிதான். அல்பிரட் இறங்கி, அதைக் கையில் தூக்கித் திருப்பி வைத்து, மறுபடி ஏறினான். சந்தி முழுக்கச் சிரித்தது. ஆனால் திரும்பி வருகிற வழியில், எதிர்க்காற்றில், அந்தப் பிரேம் ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று அவனுக்கு விளங்கியது. காற்று அவனை முட்டவில்லை, அவன்தான் காற்றை முட்டினான். அவனுக்கு முன்பே புறப்பட்டிருந்த இன்னாசி, பாய் விரித்த வள்ளம்போல நிமிர்ந்து இருந்து மிதித்துக்கொண்டிருந்தான். அல்பிரட் அவனைத் தாண்டும்போது, "காத்து மறைச்சுத் தரட்டா மச்சான்?" என்று கேட்க மறக்கவில்லை.

மற்றவர்களும் ஓடி முடித்தார்கள். அல்பிரட்டின் நேரத்துக்குக் கிட்ட யாரும் வரவில்லை. கடைசியாக ஹேரத், ஆமிக் காற்சட்டையைக் கழற்றிவிட்டு ஓட்டக்காரரின் கறுப்பு இறுக்கக் காற்சட்டையோடு ஏறினார். குனிந்ததும் ஆளே மாறிவிட்டார். தாமும் சைக்கிளும் ஒரே உலோகத்தில் செய்ததுபோல ரோட்டில் மறைந்தார். தன்னுடைய சைக்கிளிலேயே தான் தோற்கப் போகிறோம் என்று அல்பிரட்டுக்கு விளங்கிவிட்டது.

எல்லாரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வர வேண்டிய நேரம் வந்தது. போனது. பொரிவிளாங்காய் விற்கிறவன் கடையைக் கட்டினான். அப்போது நானா ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் வந்து இறங்கினார்.

"சந்தியில லொறி வந்து நிண்டிச்சு. இவங்கட ஆக்கள் எல்லாரையும் வடக்குக்கு எடுக்கிறாங்களாம், இப்பவே. அவரையும் ஏத்திட்டாங்க."

"சைக்கிள்?"

"அதையும்தான். அவர் கொம்பை விடல்லயே."

வடக்கில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். முதலில் வாயைத் திறந்தவன் இன்னாசி.

"அப்ப ஓட்டம் முடியல்ல."

"என்னடா சொல்லுறாய்?" என்றான் அல்பிரட்.

"ஒருத்தர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் வந்தாத்தானே ஆர் வெண்டது எண்டு சொல்லலாம்? என்ன சுவாமி?"

சுவாமிக்கு இன்னாசியின் படகிலிருந்து வெள்ளி தவிர்ந்த எல்லா நாளும் மீன் போகிறது. வெள்ளிக்கிழமை இரட்டிப்பாகப் போகிறது. அவர் பரிசாக வைத்திருந்த சுவர் மணிக்கூட்டைத் திரும்பக் கோயில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

அல்பிரட் மூன்று மாதம் ஹேரத்தைத் திட்டினான். சித்திரையில் ஆனையிறவு ஆமி முகாம் விழுந்த செய்தி ரேடியோவில் வந்தது. சீல் வைத்த சவப்பெட்டிகள் சந்தியைத் தாண்டி ஊர்களுக்குப் போகத் தொடங்கின. ஒவ்வொரு பெட்டிக்கும் வெள்ளைக் கொடி கட்டினார்கள். அதற்குப் பிறகு அவன் திட்டவில்லை. ஒரு நாள் செபஸ்தியாருக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்துவதை மக்டலின் கண்டாள்.

"ஆளுக்கா, சைக்கிளுக்கா?"

"ரெண்டுக்கும் ஒரே திரிதான்."

செப்டெம்பரில் ஒரு நாள் மத்தியானம், அல்பிரட் பாண் விற்று முடித்துப் படுத்திருந்தபோது, முற்றத்தில் சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. கறுப்பு இறுக்கக் காற்சட்டையும் மஞ்சள் பனியனுமாக ஒரு எலும்புக்கூடு வாசலில் நின்றது. தாடி. கண் மட்டும் ஹேரத்துடையது.

"தண்ணீர்" என்றார்.

மக்டலின் தண்ணீரும் பிறகு சோறும் கொடுத்தாள். மூன்றாம் தரம் சோறு போட்ட பிறகுதான் அவரால் பேச முடிந்தது. போன இடத்தில் அவரோடு லொறியில் ஏறியவர்களில் பாதிப் பேர் இல்லை. குழாயை அறுத்துப் பார்க்கலாம் என்று சொன்ன பொடியனும் இல்லை. மிச்சமானவர்களை மதவாச்சிப் பக்கம் கொண்டுவந்து விட்டு, மறுபடி அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். ஹேரத் அன்று காலை இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார். ஒவ்வொரு சென்றியிலும் குனிந்தபடி வேகமாக வந்தார். தேசியப் போட்டிக்குப் பயிற்சி என்று கத்தினார். அனுராதபுரத்தில் தடுப்பைத் தூக்கி விட்டதோடு கையும் தட்டினார்களாம்.

"ஓடி வந்திட்டீங்களா சேர்?" என்றான் அல்பிரட்.

"ஓடித்தான் வந்தேன். உன் சைக்கிளைக் கொடுக்க வேண்டுமே."

அல்பிரட் முற்றத்துக்குப் போய்ப் பார்த்தான். பின்னால் ஒரு கரியர் பூட்டப்பட்டிருந்தது, தண்ணீர்க் கான் ஏற்ற. ஒரு கொம்பு வளைந்திருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

ஒளித்து வைக்க முடியாது, மாம்புரியில் இருமினால் கற்பிட்டியில் கேட்கும். ஹேரத்தின் தமக்கை வண்ணாத்திவில்லுக்கு அப்பால் காடு வெட்டிப் பயிர் செய்கிற ஒரு சேனையில் இருந்தாள். ரோட்டால் திரும்பிப் போனால் அதே சென்றிகள், ஒரே பொய்யை இரண்டாம் தரம் கத்த முடியாது. களப்பால் போக வேண்டும். களப்பு என்றால் படகு. படகு என்றால் இன்னாசி.

இன்னாசி வந்து ஹேரத்தைப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரிப் போனது. அன்று சென்றியில் தான் சொன்ன மூன்று சொல் ஞாபகம் வந்ததோ என்னவோ.

"விடியக் கொண்டு போய் விடுறன். அங்கால கரையில இருந்து எப்பிடிப் போவார்?"

"என்ட சைக்கிளைக் குடுக்கிறன்" என்றான் அல்பிரட்.

"உனக்கென்ன பைத்தியமா? கொம்போட ஒரு சைக்கிள் போனா நாய்கூட ஞாபகம் வைச்சிருக்கும். சாரமும் சேட்டும் உடுத்து, சாதாரண ஆள் மாதிரிப் போகவேணும்." இன்னாசி தொப்பையைத் தடவினான். "என்ட ரோட் பிரேமை எடுக்கட்டும். மட்கார்ட் பூட்டித் தாறன். ஆனா ஒண்டு."

"என்ன?"

"ஓட்டத்தில நான்தான் வெண்டது எண்டு நீ சுவாமியிட்டச் சொல்ல வேணும்."

மக்டலின் விளக்குமாற்றைத் தேடினாள். அல்பிரட் சோற்றுக் கோப்பையை வழித்துக்கொண்டிருக்கிற ஹேரத்தைப் பார்த்தான்.

"ஓம், நீதான் வெண்டது" என்றான். "பூசையில வைச்சே சொல்லுறன்."

விடிகிற நேரம் படகு போனது. களப்பு அலைக்கே ஹேரத் சத்தி எடுத்தாராம். வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே போன இன்னாசி, கரையில் தன்னுடைய சேட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் மேலோடு திரும்பி வந்தான். ஞாயிறு பூசையில் அல்பிரட் சொன்னபடி சொன்னான். மணிக்கூடு இன்னாசி வீட்டுச் சுவரில் ஏறியது. மக்டலின் அந்த வீட்டுக்குப் போனால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் இருப்பாள்.

ஹேரத் சேனையில் சோளம் போட்டதாகவும், பொதுமன்னிப்பு வந்தபோது காகிதத்தில் கையெழுத்து வைத்து விடுதலை வாங்கியதாகவும் பதியுதீன் நானா பிறகு கேள்விப்பட்டார். ரோட் பிரேம் திரும்பி வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த திருநாளுக்கும் ஒவ்வொருவராகத்தான் விட்டார்கள். மச்சான்மார் இரண்டு பேருக்கும் இப்போது ஒரே சைக்கிள்தான். கரியரைக் கழற்றி, கொம்பை நிமிர்த்தி, அல்பிரட் முதலில் ஓடினான். அவன் வந்து இறங்கியதும் சீற்றை உயர்த்தச் சொல்லி இன்னாசி கத்தினான். உயர்த்தினது காணாது என்று மறுபடி கத்தினான். தொப்பைக்கும் முழங்காலுக்கும் நடுவில் சமாதானம் பேசி அவன் புறப்படுவதற்குள் நானாவுக்கு வேர்த்துவிட்டது.

அந்த முறை அல்பிரட் மூன்றாவது. இன்னாசி நாலாவது. முதலாவதாக வந்தவன் கற்பிட்டிக் கோழிக்கடை ஜபார். அவன் சைக்கிளில் மட்கார்டும் மணியும் இருந்தன, ஹாண்டிலில் இரண்டு இறகும் ஒட்டிக்கொண்டிருந்தன. அது என்ன பிரேம் என்று மச்சான்மார் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு போய்க் கேட்டார்கள்.

"வாப்பாட பிரேம்" என்றான் ஜபார்.